கல்லூரியில் எழுதக் கற்பிப்பது என்றால் என்ன? வேலூர் வகுப்பறைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதன் பிறகு கல்லூரி ஆசிரியர்களின் மேசைக்கு வரும் அசைன்மென்ட்டுகளின் முகமே மாறிவிட்டது. நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதத் திணறிய மாணவர்கூடப் பிழையில்லாத பத்துப் பக்கங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார். சில துறைகள் கையால் எழுதித்தான் தர வேண்டும் என்கின்றன. சில, அசைன்மென்ட்டையே விட்டுவிட்டுச் சிறு தேர்வு வைக்கின்றன. வேறு சில, ஒப்புமைச் சதவீதம் காட்டும் மென்பொருளை நம்பியிருக்கின்றன. எந்திரமே எழுதித் தரும்போது எழுத்துப் பயிற்சி எதற்கு என்று பெற்றோரும் மாணவரும் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு: நம் கல்லூரிகளில் எழுதக் கற்பிக்கும் வகுப்பு எது? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டை வைத்து, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மொழி வகுப்பில் இப்போது நடப்பது

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் இளநிலைப் படிப்புகள் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பார்ட் ஒன் தமிழ், அல்லது உருது, இந்தி போன்ற வேறொரு மொழி. பார்ட் டூ ஆங்கிலம். பார்ட் த்ரீ முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். மீதி இரண்டில் திறன் வளர்ப்பும் நாட்டு நலப்பணி போன்றவையும் வரும். எந்தத் துறை மாணவரும் மொழிக்காக உட்கார்வது முதல் இரண்டு பகுதிகளில்தான்.

பார்ட் ஒன் தமிழில் செய்யுள், சிறுகதை, உரைநடை, இலக்கிய வரலாறு, ஓரமாகக் கொஞ்சம் மொழிப்பயிற்சி இருக்கும். மதிப்பெண் வழக்கமாக இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தேர்வில் கட்டுரை வினா உண்டு. அதற்கு விடை நோட்ஸிலோ கைடிலோ இருக்கிறது. மாணவர் அதை மனப்பாடம் செய்து தாளில் இறக்குகிறார். திருத்துபவர் எத்தனை பாயிண்ட் வந்திருக்கிறது என்று எண்ணி மதிப்பெண் போடுகிறார். திருத்திய தாள் மாணவர் கைக்குத் தானாகத் திரும்பி வருவதில்லை.

மூன்று ஆண்டுகளில் மாணவர் நூற்றுக்கணக்கான பக்கம் எழுதுகிறார். அதில் ஒரு பக்கத்தையாவது ஒருவர் படித்து, "இந்த இடத்தில் நீ சொல்வது எனக்குப் புரியவில்லை, மாற்றி எழுதிக் கொண்டுவா" என்று சொன்னாரா என்பதே இங்கே கேட்க வேண்டியது. பெரும்பாலும் இல்லை. எழுத்து சோதிக்கப்படுகிறது, கற்பிக்கப்படுவதில்லை. எந்திரம் வருவதற்கு முன்பே இருந்த நிலைமை இது. முன்பு சீனியரின் அசைன்மென்ட்டும் ஜெராக்ஸ் கடையும் செய்த வேலையை இப்போது செல்போன் செய்கிறது.

இந்த வட்டாரத்துக்கென்று இன்னொரு நிலைமையும் உண்டு. வேலூர் ஊரீசு கல்லூரி 1898இல் தொடங்கியது. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இல். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951இல். காட்பாடி ஆக்சீலியம் 1954இல். இந்த வகுப்பறைகளுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரத்திலிருந்து வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் வருகிறார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் வருகிறார்கள். அணைக்கட்டிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுபவர்கள் வருகிறார்கள். பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் நடுவே எல்லோருக்கும் தூரம் உண்டு; இவர்களில் பலருக்கு அது இரட்டிப்பு. அந்தத் தூரத்தைக் கடக்கவைப்பதற்கென்று வகுப்பில் நேரம் ஒதுக்கப்படவில்லை.

சொல்வன்மை: மேடைப் பேச்சு மட்டுமா?

மேலை நாட்டுக் கல்லூரிகளில் எழுத்துப் பயிற்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ரெட்டரிக். தமிழில் சொல்வன்மை எனலாம். இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குப் பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும் நினைவுக்கு வரும். ஏற்ற இறக்கம், அடுக்குமொழி, கைதட்டல். அது சொல்வன்மையின் ஒரு மூலை மட்டுமே. யாரிடம், எப்போது, எதை ஆதாரமாகக் காட்டி, எந்த வரிசையில் சொன்னால் கேட்பவர் ஒப்புக்கொள்ள முடியும் என்று ஆராய்வதே சொல்வன்மை.

கிரேக்கத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் மூன்று வழிகளைச் சொன்னார்: சொல்பவர் மீதுள்ள நம்பிக்கை, கேட்பவரின் உள்ளநிலை, சொல்லப்படும் காரணம். 1958இல் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் இதில் மூன்றாவதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். அவர் கணக்கில் ஒரு வாதத்துக்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை:

1. கூற்று: நான் நிலைநாட்ட விரும்புவது.
2. ஆதாரம்: அதற்கு நான் காட்டும் செய்தி.
3. இணைப்பு விதி: இந்தச் செய்தி உண்மையானால் அந்தக் கூற்றும் ஏற்கத்தக்கது என்று சொல்லவைக்கும் பொதுவிதி.

மாணவர் எழுத்து உடைவது மூன்றாவதில்தான். கூற்று இருக்கும், ஆதாரமும் இருக்கும், நடுவே பாலம் இருக்காது.

இது நமக்குப் புதிதன்று. மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்கும் 29ஆம் காதையில், பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று வாதத்தின் ஐந்து உறுப்புகள் பேசப்படுகின்றன. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையில் பார்ப்பதைப் போல என்பது திட்டாந்தம். புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற பொதுவிதியை அந்த அடுக்களைதான் சுமக்கிறது. பிந்திய இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. கல்லூரித் தமிழ் வகுப்பில் மணிமேகலையின் கதைச்சுருக்கம் வரும். இந்தப் பகுதியை வைத்து ஒரு பத்தி எழுதிப் பழகும் வகுப்பு அரிது.

பாலாறும் ஒரு தீர்ப்பும்

உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்றை முழுமையாகப் பார்த்தால் இது தெளிவாகும். "பாலாறு மாசடைந்துவிட்டது. ஆகவே தோல் தொழிற்சாலைகளை மூட வேண்டும்." இந்த வட்டாரத்தில் சுற்றுச்சூழல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் இப்படி இரண்டு வரி கட்டாயம் வரும். இரண்டுக்கும் நடுவே எத்தனை கேள்விகள் விடுபட்டிருக்கின்றன என்று பாருங்கள். மாசுக்குக் காரணம் தோல் ஆலைகள்தான் என்பதற்கு என்ன சான்று? காரணமே என்றாலும், மூடுவதுதான் தீர்வா? சுத்திகரிக்கச் சொன்னால் போதாதா? ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்துக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிக் கட்டப்பட்ட ஒரு வாதம் இந்த மண்ணிலிருந்தே பிறந்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிப்பவர் எவரும் தாண்ட முடியாத தீர்ப்பு அது. அதன் கட்டுமானத்தை மேற்சொன்ன உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கலாம்:

1. கூற்று (பக்கம்): மாசு உண்டாக்கிய தோல் ஆலைகள் நிலத்தைச் சீர்படுத்தும் செலவையும் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டையும் ஏற்க வேண்டும்.
2. ஆதாரம் (ஏது): தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போயிருக்கிறது. இந்தக் கணக்கு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்துடையது என்று தீர்ப்பு சொல்கிறது. மனுதாரர் சொன்னார் என்று எழுதுவதற்கும், ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது என்று எழுதுவதற்கும் இடையே உள்ள வேறுபாடுதான் அரிஸ்டாட்டில் சொன்ன முதல் வழி.
3. பொதுவிதி: மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும்.
4. முன்மாதிரி (திட்டாந்தம்): அதே 1996இல் ராஜஸ்தானின் பிச்சரி கிராமத்து ரசாயன ஆலைகள் வழக்கில் இந்த விதி ஏற்கெனவே பின்பற்றப்பட்டிருந்தது. அதை இத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது.

இதைவிட முக்கியமானது, எதிர்த்தரப்பை அந்தத் தீர்ப்பு நடத்தும் விதம். தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, வேலைவாய்ப்புத் தருகிறது, அது இன்றியமையாதது என்று நீதிமன்றம் முதலில் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பிறகுதான், ஆனாலும் சூழலை அழிக்கவும் மக்கள் உடல்நலத்துக்குக் கேடு செய்யவும் அதற்கு உரிமையில்லை என்கிறது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளை எழுவகை மதம் என்று வகுக்கிறது. உடன்படல், மறுத்தல் ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக வருவது "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு". அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்று, பிறகு நீக்குவது. தீர்ப்பு செய்திருப்பது அதையே. இலக்கண நூலில் ஒரு வரியாக மனப்பாடமாகும் செய்தி, லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையைத் தொட்ட ஓர் ஆவணத்தில் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினால், அந்த வரி மாணவர் கையில் கருவியாகிவிடும்.

இந்த எடுத்துக்காட்டு வேலூர் வகுப்புக்குப் பொருந்த இன்னொரு காரணமும் உண்டு. ஆற்றோரக் கிராமத்தில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன வீட்டுப் பிள்ளையும், தோல் ஆலைச் சம்பளத்தில் படிக்கும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்க் கருத்துள்ள வாசகரைக் கற்பனை செய்யவே வேண்டாம்; அவர் பக்கத்திலேயே இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு "மூட வேண்டும்" என்று எழுத முடியுமா, எழுதினால் அவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம் என்று யோசிக்கும்போதுதான் எழுத்து பொறுப்புள்ளதாகிறது.

வாசகர் யார்: மனுவை வைத்து ஒரு பயிற்சி

வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்வு நாள். எழுதத் தெரிந்தவர்களே அங்கே வேறொருவரிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டு போவது உண்டு. பட்டம் பெற்றவர் தன் தெருவுக்கு ஒரு மனு எழுதத் தயங்கினால், அந்தப் பட்டப்படிப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வழக்கமான மனு இப்படி இருக்கும்: "எங்கள் தெருவில் குடிநீர் சரிவர வருவதில்லை. பலமுறை முறையிட்டும் எந்த நடவடிக்கையும் இல்லை. எனவே அய்யா அவர்கள் கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் செய்தி இல்லை. இந்தத் தாளை ஆட்சியர் வாங்குவார், உரிய துறைக்கு அனுப்புவார். அங்கே ஓர் எழுத்தரோ உதவிப் பொறியாளரோ இதைப் பிரிப்பார். உண்மையான வாசகர் அவர்தான். எந்த வார்டு, எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்த மாதத்திலிருந்து, முன்பு கொடுத்த மனுவின் எண்ணும் தேதியும் என்ன, இப்போது கேட்பது புதுக் குழாயா, வால்வு பழுதுபார்ப்பா? இவை இல்லாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. "பலமுறை" என்ற சொல்லை எடுத்துவிட்டு இரண்டு தேதிகளை எழுதினால் மனுவின் வலு கூடும்.

இதையே தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்பதானால் எழுத்து வேறு வடிவம் எடுக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டம் அது; விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்; பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அலுவலகப் பதிவில் இருப்பதைத்தான் அந்தச் சட்டம் பெற்றுத் தரும். "ஏன் தண்ணீர் விடவில்லை?" என்று கேட்டால் அப்படியொரு பதிவு இல்லை என்று சொல்லிவிட முடியும். "இன்ன தெருவுக்கு இன்ன மாதத்தில் தண்ணீர் திறந்துவிட்ட நாள்களைக் காட்டும் பதிவேட்டின் நகல்" என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். கோபத்தை அடக்கி, சட்டம் திறந்துவைத்திருக்கும் வாசலைப் பார்த்து எழுதுவதுதான் இங்கே சொல்வன்மை.

மூன்றாவதாக, அதே செய்தியை நாளிதழுக்கு வாசகர் கடிதமாக எழுதச் சொல்லலாம். அங்கே மனு எண் தேவையில்லை. குடத்தோடு நடக்கும் பெண்களைச் சொல்லலாம். ஒரே செய்தி, மூன்று வாசகர், மூன்று எழுத்து. ஒரு செமஸ்டருக்கு இந்த ஒரு பயிற்சியை ஒழுங்காகச் செய்தாலே பத்துக் கட்டுரை வினாவுக்கு நிகரான பலன் உண்டு என்பேன்.

வரைவும் திருத்தமும்

1960, 70களில் அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களிடையே ஒரு கருத்து வலுப்பெற்றது. முடிந்த கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது எழுதக் கற்பிப்பதாகாது. யோசிப்பது, முதல் வரைவு, பிறர் படித்துச் சொல்வது, திருத்தி எழுதுவது என்ற நடைமுறையைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது அது. 1972இல் டொனால்ட் மர்ரே என்ற எழுத்தாளரும் ஆசிரியருமானவர் இதை அழுத்தமாக எடுத்துவைத்தார்.

திருத்தம் என்றால் நம் வகுப்பில் சிவப்பு மையால் ஒற்றுப்பிழையையும், லகர ளகர ழகர மயக்கத்தையும் வட்டமிடுவது. அது தேவைதான், ஆனால் கடைசியில் செய்ய வேண்டிய வேலை. இடிக்கப்போகும் பத்தியில் சந்தி திருத்துவது வீண். வீட்டில் வேறு மொழி பேசும் மாணவர் முதல் வரைவிலேயே முப்பது சிவப்பு வட்டங்களைப் பார்த்தால், அடுத்த முறை தவறு வராத அளவுக்குக் குறைவாக எழுதக் கற்றுக்கொள்வார்.

கருத்து நிலையில் திருத்துவதற்கும் நன்னூலே பட்டியல் தருகிறது. அது சொல்லும் பத்துக் குற்றங்களில் மாணவர் எழுத்தில் அடிக்கடி தென்படுபவை இவை:

1. மற்றொன்று விரித்தல்: பிளாஸ்டிக் பைத் தடை பற்றிய கட்டுரையில் முதல் பக்கம் முழுவதும் பிளாஸ்டிக் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு.
2. வெற்றெனத் தொடுத்தல்: "இன்றைய நவீன உலகில் அறிவியல் விண்ணை முட்டும் அளவு வளர்ந்துள்ளது" என்பது போன்ற வரிகள். நீக்கினாலும் ஒன்றும் குறையாது. எந்திரம் எழுதும் கட்டுரைகளிலும் மிகுதியாகக் காணப்படும் குற்றம் இதுதான்.
3. சென்று தேய்ந்து இறுதல்: உறுதியாகத் தொடங்கி, கடைசியில் "எனவே அனைவரும் விழிப்புணர்வு பெறுவோம்" என்று கரைவது.
4. குன்றக் கூறல்: நன்றாகப் படிக்கும் மாணவரிடம் அதிகம். தனக்குத் தெரிந்தது வாசகருக்கும் தெரியும் என்று எண்ணி நடுப்படியை விட்டுவிடுவார். டூல்மினின் இணைப்பு விதி காணாமல்போவது இப்படித்தான்.

வரைவுகளை மாணவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, இந்த நான்கில் ஏதாவது தென்படுகிறதா என்று மட்டும் ஓரத்தில் குறித்துத் திருப்பித் தரலாம். "நல்லா இருக்கு" என்று எழுதக் கூடாது என்பது ஒன்றே விதி.

சதவீதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்கும் விதிமுறைகளை வெளியிட்டது. 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனையில்லை; 10 முதல் 40, 40 முதல் 60, 60க்கு மேல் என்று படிப்படியாகத் தண்டனை கூடும்; கடைசிப் படியில் ஆய்வு மாணவரின் பதிவே ரத்தாகும். இதைச் சுற்றிப் பல குழப்பங்கள் இருப்பதால் மூன்று செய்திகளைத் தெளிவுபடுத்த வேண்டும்.

1. மென்பொருள் காட்டுவது வேறு நூல்களோடு சொற்கள் ஒத்துப்போகும் அளவை. உரிய முறையில் மேற்கோளாகக் காட்டியதை விதிமுறையே கணக்கிலிருந்து விலக்குகிறது. அடுத்தவர் கருத்தைச் சொல் மாற்றி எடுத்தாண்டால் சதவீதம் குறைவாகவே காட்டும். ஆனால் அது திருட்டுதான்.
2. எந்திரம் எழுதிய பத்தி எந்த நூலிலும் அப்படியே இருக்காது. ஆகவே ஒப்புமைச் சதவீதத்தில் அது சிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.
3. எந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் மனிதர் எழுதியதையும் எந்திரத்துடையது என்று சொல்லிவிடுவது உண்டு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படியொரு கருவியை நம்பி ஒரு மாணவரைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம்.

கையால் எழுதச் சொல்வதும் உதவாது. திரையைப் பார்த்துக் கையால் நகலெடுக்க யாராலும் முடியும். வகுப்பிலேயே எழுதிய முதல் வரைவு, நண்பர் குறித்த குறிப்பு, மாற்றி எழுதிய இரண்டாம் வரைவு, ஏன் மாற்றினேன் என்று ஐந்து வரி: இந்த நான்கும் சேர்ந்த கட்டு ஒன்றைக் கேட்டால், மாணவர் யோசித்த தடம் ஆசிரியர் கண்ணுக்குத் தெரியும்.

நேரம் எங்கே?

ஆசிரியர்கள் எழுப்பும் முதல் ஆட்சேபம் நேரம். அது சரியான ஆட்சேபம். 60 பேர் வகுப்பில் ஒரு வரைவுக்குப் பத்து நிமிடம் என்றால் 600 நிமிடம், அதாவது பத்து மணி நேரம். இப்படி மூன்று நான்கு வகுப்புகள் எடுக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. பத்துப் பக்கத்துக்குப் பதில் ஒரே பத்தி கேட்கலாம். ஒரு வாரத்துக்கு வகுப்பில் கால்வாசிப் பேருடைய வரைவை மட்டும் படிக்கலாம். ஆசிரியர் ஒரு மாணவரின் வரைவை, அவர் ஒப்புதலோடு பெயரை மறைத்து, கரும்பலகையில் எழுதி எல்லோர் முன்னிலையிலும் திருத்திக் காட்டலாம். இந்த மூன்றாவது வழியில் ஒரு மணி நேரத்தில் அறுபது பேரும் கற்கிறார்கள்.

வினாத்தாள் மாறாமல் இது நிலைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மாணவர் தேர்வில் வருவதைத்தான் படிப்பார். ஒரு செய்தித் துணுக்கையும் இரண்டு புள்ளிவிவரங்களையும் வினாத்தாளிலேயே அச்சிட்டு, இவற்றை வைத்து இன்ன அலுவலருக்கு ஒரு பக்க வாதம் எழுதுக என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால், அதற்கு கைடு போட முடியாது. ஆக்சீலியம், தூய நெஞ்சக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டக் குழுவிலேயே இதை முடிவு செய்துகொள்ளலாம். மற்ற இணைவுக் கல்லூரிகளுக்கு வினாத்தாள் சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். அதற்குப் பாடத்திட்டக் குழுவில் தமிழாசிரியர்கள் கேட்டாக வேண்டும். அதுவரை இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு உரிய பங்கு ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. அதைக் கட்டுரைக்குக் கொடுப்பதா, இரண்டு வரைவுகளுக்கும் நடுவே நடந்த மாற்றத்துக்குக் கொடுப்பதா என்பதை இந்த செமஸ்டரிலேயே தீர்மானித்துக்கொள்ள முடியும்.